முன்னாள் கணவர் ரிட்டயர் ஆயிட்டா ஜீவனாம்சம் நின்னுடுமா? காரைக்கால்வாசிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுத்து வந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். ‘இனி சம்பளமே இல்லையே’ என்று பணம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். சட்டப்படி இது சரியா?

சரியில்லை. ஓய்வைக் காரணம் காட்டி, தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் கோர்ட்டில் மனு போடலாம். கோர்ட் மாற்றும் வரை பழைய உத்தரவுதான் செல்லும்.

எந்தச் சட்டத்தில் மாற்றலாம்?

இந்து திருமணச் சட்டத்தில் வந்த உத்தரவு என்றால் பிரிவு 25(2). மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 146. இரண்டுமே ‘சூழ்நிலை மாறியிருக்கிறதா?’ என்றுதான் பார்க்கும்.

இது இரு தரப்புக்கும் பொருந்தும். அவர் வருமானம் குறைந்ததைச் சொல்லலாம். வயதாகி மருத்துவச் செலவு கூடியிருக்கிறது என்று அந்தப் பெண்ணும் கூடுதல் தொகை கேட்கலாம்.

வருமானம் எவ்வளவு குறையும்?

இங்கேதான் கவனம் தேவை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியம் 40,000. அகவிலைப்படி தனி. அதில் 40 சதவீதத்தை ‘கம்யூட்’ செய்தால் மாதம் 16,000 குறையும். ஆனா அதுக்குப் பதிலா ஒரு பெரிய தொகையை மொத்தமா வாங்கியிருப்பார். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி வேறு.

ஆகவே மாத ஓய்வூதியச் சீட்டை மட்டும் காட்டினால் போதாது. சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியுமா?

கடன்காரர்கள் தொட முடியாதபடி 1871-ம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் மனைவி கடன்காரர் இல்லை, ஜீவனாம்சத்துக்காக ஓய்வூதியத்தை ஜப்தி செய்யலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தீர்ப்பளித்துள்ளது. காரைக்கால் சென்னை உயர் நீதிமன்ற எல்லைக்குள் வருவதால், அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாயம் இல்லை. எடுத்துக்காட்டி வாதாடலாம்.

காரைக்காலில் மட்டும் என்ன வித்தியாசம்?

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரான்ஸ் அரசின் ஓய்வூதியம் வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பணமும் வருமானம்தான், கோர்ட்டில் காட்டியே ஆக வேண்டும்.

1881 ஆணைப்படி இந்துக் குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’கள். புதுச்சேரி பிரதேசத்தைச் சேர்ந்த இவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே பிரிவு 25 இவர்களுக்கு உதவாது.

விவாகரத்தே பிரான்ஸ் கோர்ட்டில் நடந்திருந்தால் கணக்கு வேறு. அங்கே மாதத் தவணையாக வந்த இழப்பீட்டை, நிலைமை பெரிய அளவில் மாறினால் குறைக்கலாம், நிறுத்தலாம். முதலில் நிர்ணயித்ததைவிட உயர்த்த முடியாது.

மாஜிஸ்திரேட் கோர்ட் வழி எல்லா மதத்தினருக்கும் பொது. முஸ்லிம் பெண்களுக்கும் இது உண்டு என்று 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பணம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

காத்திருக்காதீங்க. மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி வர வேண்டிய பணம் நின்றால், அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். தாமதித்தால் அந்த வழியில் பழைய பாக்கியை வசூலிக்க முடியாமல் போகும். போதிய காரணம் இல்லாமல் கொடுக்காதவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

இன்னொன்று, விவாகரத்தான மனைவிக்கு மத்திய அரசு விதிகளின்படி குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அவர் இறந்தபின் என்ன ஆகும் என்பதை அதனால் இப்போதே யோசிப்பது நல்லது. பிரிவு 25-ன்படி ஜீவனாம்சத்துக்கு அவருடைய வீடு, நிலத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.