நத்தம் என்றொரு வெற்றிடம்

பழைய சென்னைப் பட்டணத்தின் வரைபடங்களை மறுபதிப்பாக வாங்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது நம் எழுத்தாளர்களிடையேயும் மோஸ்தராகிவிட்டது. அதன் கீழே உட்கார்ந்து சரித்திரப் பிரக்ஞை பற்றிப் பேசுகிறார்கள். இதில் எனக்கு ஆட்சேபணை உண்டு. சரித்திரப் பிரக்ஞை வேறு, பழசின் மீதான சபலம் வேறு.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் தாமஸ் பிட் தயாரிக்கச் செய்த படத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டையோடு வெள்ளையர் நகரம், அதற்கு வடக்கே கறுப்பர் நகரம். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்த பிறகு, அந்தக் கறுப்பர் நகரம் என்ன ஆயிற்று? கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாதென்று தரைமட்டமாக்கினார்கள். 1892-ல் திறந்த ஹைகோர்ட் அந்த மண்ணில்தான் நிற்கிறது. தெருவை வரையச் சொன்ன அதிகாரமே தெருவை இடிக்கவும் சொன்னது. இதைக் கேட்காமல் பழைய காகிதத்தின் பழுப்பு நிறத்தில் சொக்கிப்போவதற்கு ரசனை என்று பெயர் வைப்பது அபத்தம்.

சென்னைக்காவது தெருப்படம் இருக்கிறது. நான் வசிக்கும் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களின் கதை வேறு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ முதலியோரும் காடு மேடெல்லாம் அளந்தார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அந்த மன்றோதான் பிற்பாடு கவர்னராகி, இன்றும் சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

அவர்கள் அளந்தது கிஸ்துக்காக. அவர்களுக்குப் பின்னால் வந்த சர்வேக்களும் அப்படியே. நஞ்சைக்கும் புஞ்சைக்கும் புலப்படம் உண்டு, சர்வே எண் உண்டு, மூலைக்கு மூலை கல் உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்குக்கூட 2சி பட்டா என்று கணக்கு வைத்தார்கள். ஜனங்கள் குடியிருந்த இடம் கிராம நத்தம். அதற்குத் தீர்வை கிடையாது. ஆகவே அதை மொத்தமாக வளைத்து ஒரு எண்ணைப் போட்டு விட்டுவிட்டார்கள். உள்ளே எத்தனை சந்து, யார் வீடு எது என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் நத்தம் நிலவரித் திட்டம் வரும்வரை சர்க்காருக்குத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு பிரிவினையை மட்டும் மறக்காமல் குறித்தார்கள்: ஊர் நத்தம், சேரி நத்தம். வீட்டுக்கும் வீட்டுக்கும் கோடு போடாதவர்கள் அந்தக் கோட்டை மட்டும் போட்டார்கள்.

2012 நவம்பர் 7-ல் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அவற்றில் ஒன்றின் பெயரே நத்தம். சர்வேயர்தான் தீ வைத்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடு சர்வேயர் வருமுன்பே மண்ணில் இருந்தது. அவர் அதைக் காகிதத்தில் ஏற்றினார். காகிதம் பழுத்துவிட்டது, கோடு பழுக்கவில்லை என்பதுதான் நான் சொல்வது.

மறுபதிப்பே கூடாதென்பதல்ல என் கட்சி. ஆவணக் காப்பகத்தில் கரையான் தின்பதைவிட அச்சாவது நல்லது. ஆனால் யார் கேட்டு, எந்த வரிக்காக, யார் காலடி படாத தெருவாக அது வரையப்பட்டது என்று ஒரு பக்க முன்னுரைகூட எழுத வக்கில்லாமல் விற்பது வியாபாரம். அதை வாங்கி வைத்துக்கொண்டு நகரத்தின் ஞாபகம் என்று கவிதை எழுதுவது அதைவிட மோசம். அந்த ஞாபகம் கம்பெனியுடையது, நம்முடையதல்ல.

தன் ஊர் நத்தத்தில் எந்தச் சந்தில் யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள் என்று ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்திருந்தால், அதை அச்சிட இந்தப் பத்திரிகையில் இடம் கேட்பேன். சுவரில் மாட்ட அது லாயக்குப்படாது.