கணக்கை எழுதி வைத்தவர்

கறுப்பு விளையாட்டு வீரர் என்றதும் நம் தோழர்கள் முகமது அலி என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ஜாக்கி ராபின்சன் என்பார்கள். 1947-இல் அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்தவர். சரிதான். ஆனால் அந்தத் தடையை யார் போட்டது? எப்போ போட்டது? அதுக்கு முன்னால ஆடினவங்க யாரு? இதையெல்லாம் எழுதி வைத்த ஒரு ஆட்டக்காரர் இருந்தார். சால் ஒயிட்.

1868-இல் ஒஹையோ மாநிலத்து பெல்லேரில் பிறந்தவர். பேஸ்களைக் காக்கும் உள்களத்து ஆட்டக்காரர். 1887-இல் வீலிங் அணியில் வெள்ளையரோடு சேர்ந்து சம்பளத்துக்கு ஆடினார். வயது பத்தொன்பது. அதே ஆண்டு ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள் கூடி, இனி கறுப்பர்களோடு புது ஒப்பந்தம் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். சட்டசபையில் வந்த சட்டமல்ல இது. நாலு முதலாளி கை கோர்த்தால் போதும், ஒரு இனத்தின் வயிற்றில் அடிக்கலாம். அடுத்த ஆண்டு வீலிங் ஆடிய லீக்கும் அதே வழியில் போனது. வெல்டி வாக்கர் என்ற கறுப்பு வீரர் லீக் தலைவரைக் கேள்வி கேட்டு எழுதிய கடிதம் பத்திரிகையிலும் அச்சானது. கதவு திறக்கவில்லை.

ஒயிட் ஒதுங்கவில்லை. கறுப்பு அணிகளில் ஆடினார். இடையில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1902-இல் பிலடெல்பியா ஜயன்ட்ஸ் அணியை உருவாக்கியவர்களில் ஒருவரானார், ஆடிக்கொண்டே அதை வழிநடத்தினார். 1907-இல் கறுப்பர் பேஸ்பாலின் வரலாற்றை நூலாக்கினார். அதில் பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, சம்பளக் கணக்கும் இருக்கிறது. பெரிய லீக் வீரருக்குச் சராசரி 2,000 டாலர். சிறிய லீக் வீரருக்கு 571. கறுப்பு வீரருக்கு 466. இந்த மூன்று எண்களும் ஒரு மேடைப்பேச்சு செய்யாததைச் செய்கின்றன.

1926-இல் நூவர்க் அணியின் பயிற்சியாளராக இருந்தார். பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். ராபின்சன் ஆடுவதையும் உயிரோடிருந்து பார்த்தார். 1955-இல் செத்துப்போனார். ஸ்டேட்டன் தீவில் பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். 2006-இல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கல்லறைக்குக் கல் வந்தது 2014-இல்.

வரலாறு எழுதியவனுக்கே 2014 வரை கல்லில் பெயரில்லாமல் இருந்தது. ஆனாலும் அவர் எழுதியதால்தான் நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் தப்பியது.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். சாயங்காலம் கணக்கு டேலி ஆகலன்னா எழுந்திருக்க முடியாது. பதியாத ரூபாய் இல்லாத ரூபாய். கவிதையும் எழுதுகிறவன் என்பதால் கூச்சத்தோடு இதைச் சொல்கிறேன்: நமக்கு வரும் தபாலில் கோபம் நிறைய இருக்கு, விவரம் கம்மி. யார், எந்த ஊர், எந்தத் தேதி, என்ன கூலி, யார் தடுத்தது? மாணவத் தோழர்களே, உங்கள் பாட்டன் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நமக்காக வேற எவனும் பேரேட்டைத் திறக்கமாட்டான்.