சந்தை திறந்திருக்கிறதாம்!

"திறமை இருந்தால் போதும், சந்தை எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று அடையாறு, மயிலாப்பூர் கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஆடும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்து உலகம் முழுவதும் விற்கலாமாம். முதலாளி வேண்டாம், தரகன் வேண்டாமாம்!

அப்படியா? தி. நகர் பாண்டி பஜாரைப் பாருங்கள். 2013-ல் அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை எழுப்பி, மாநகராட்சி ஒரு மாடிக் கட்டடத்துக்குள் இடம் கொடுத்தது. இடம் கிடைத்தது; வியாபாரம் போய்விட்டது என்று முறையிட்டார்கள் வியாபாரிகள். கடை திறந்திருப்பது வேறு, ஜனங்கள் கண்ணில் படுவது வேறு.

இந்த விளையாட்டுகளுக்கும் அதே கதிதான். இவை விற்கும் பெரிய கடை ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் கம்பெனிக்குச் சொந்தம். உள்ளே நுழைய விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். ஆயிரம் டாலருக்கு விற்றால் அந்தப் பணம் திரும்பும். விற்காதவனுக்குப் போனது போனதுதான். 2023-ல் மட்டும் 14,000-க்கு மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வந்து குவிந்தன. இந்தக் குவியலில் சிறியவனை யார் தேடி எடுப்பது?

விற்றதில் நூற்றுக்கு 30 கடைக்காரனுக்கு. அதோடு நின்றதா? விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25-தான். ஐந்து கோடியைத் தாண்டினால் 20! 2018-ல் செய்த ஏற்பாடு இது. ஒரு மா நிலம் பயிரிடுகிறவனிடம் முழு வாரம், வேலிக்கணக்கில் உள்ளவனுக்குச் சலுகை! தஞ்சை மிராசுதார்கூட இதை வெட்கமில்லாமல் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்.

பெரிய கம்பெனிகளின் லட்சணம் என்ன? மைக்ரோசாப்ட் 2023 அக்டோபரில் சுமார் 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் கம்பெனியை விழுங்கியது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஆட்குறைப்பு என்றால் என்ன என்று மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

"இதெல்லாம் நமக்கெதற்கு? விளையாட்டு என்றாலே ரம்மிதானே, குடும்பத்தைக் கெடுப்பதுதானே?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். பணம் வைத்து ஆடுவது சூதாட்டம். அதைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமே வந்தது. நாம் பேசுவது வேறு சரக்கு. கதை போல, நாடகம் போல மனிதர் செய்யும் சரக்கு.

ஒரு தோழரின் மகன் கம்ப்யூட்டரில் "வெண்பா" என்ற விளையாட்டை ஆடிக் காட்டினான். கனடாவில் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவினும்தான் பாத்திரங்கள். தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்கு எது முதலில் என்று ஆடுகிறவனே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, பிணம் இல்லை. வளர்ந்த மகன் அதே புத்தகத்தை எடுத்துத் தமிழ் படிக்கத் தெரியாமல் திணறும் இடத்தில், பக்கத்தில் நின்ற தோழரின் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார்.

குறையும் உண்டு. பிழைக்கப் போன இடத்தில் வேலைக்கு அலைந்த பாடு ஓரிரு பேச்சுகளில் முடிந்துவிடுகிறது. ஆட்டமும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் நல்ல வேலை என்பதே நம் அபிப்பிராயம். 2024-ல் பிரிட்டனின் பாப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது.

விருது வந்ததால் இது நமக்குத் தெரிந்தது. வராதவை? அந்தக் கடையில் பத்துப் பேராவது அபிப்பிராயம் எழுதினால்தான் மதிப்பீடு காட்டுவார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியவன் எழுதியதுதான் கணக்கில் சேரும். லஞ்ச விமர்சனத்தைத் தடுக்கத்தான் இப்படி என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் பணம் உள்ளவன் சொல்தான் அம்பலம் ஏறுகிறது என்பதும் மெய்தானே?

ஆகவே நாமே தேடிப் பார்த்து நம் மொழியில் எழுதுவோம். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதவில்லையா? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சிறு விளையாட்டை ஆடுகிறார்கள், யார் செய்தது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதியனுப்புங்கள். ஒரு கார்டு போதும்.