கரிமூட்டப் புகையில் போகும் காசு

கேள்வி: ‘‘நிலத்தில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டி அகற்றினோம். தடிக்கட்டையை விறகு வியாபாரி எடுத்துக்கொண்டார். சிம்பும் தூரும் குவிந்து கிடக்கின்றன. மர அறுவை மில்லில் மரத்தூளும் கிடைக்கிறது. கரியாக்கிப் போட்டால் உப்பு நிலம் திருந்தும் என்கிறார்கள். உண்மையா? இவற்றிலிருந்து வேறு பொருள் எடுக்க முடியுமா?’’

- வாசகர், முத்தையாபுரம்.

பதில்: உப்பு நிலம் கரியால் திருந்தாது. மரக்கரியே காரத்தன்மை உள்ளது; பெரும்பாலும் 8-க்கு மேல் கார அமில நிலை காட்டும். புளித்த மண்ணுக்கு அது மருந்து. ஏற்கெனவே களர், உவராக இருக்கும் கடற்கரை நிலத்தில் மேலும் காரத்தைச் சேர்க்கும். இதை நம்பி மூட்டை மூட்டையாகக் கரித்தூள் வாங்க வேண்டாம். முதலில் மண் பரிசோதனை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் என்றால் கதை வேறு. அங்கே தண்ணீரும் உரமும் நிற்காமல் இறங்கிவிடும். கரி இரண்டையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

மரத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவிகிதம் செல்லுலோஸ் என்னும் நார். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும், நாரை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் பசையும். மண்மூடிய கரிமூட்டத்தில் 100 கிலோ காய்ந்த மரம் போட்டால், பொதுவாகக் கிடைப்பது 15 முதல் 25 கிலோ கரி. மற்றதெல்லாம் சாம்பலாகவும் ஆவியாகவும், அக்கம்பக்கத்தார் கண்ணைக் கரிக்கும் புகையாகவும் போகிறது. அந்தப் புகையில்தான் அசிட்டிக் அமிலமும் தாரும் இருக்கின்றன.

இப்படிப் போவதைப் பிரித்தெடுப்பதுதான் உயிரிச் சுத்திகரிப்பு ஆலையின் வேலை. அஸ்ஸாம் மாநிலம் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆலை, மூங்கிலிலிருந்து எத்தனாலோடு ஃபர்ஃபுரால், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றையும் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. நார்வேயில் ஒரு நிறுவனம் மர லிக்னினிலிருந்து ஐஸ்கிரீம் வாசனைக்கான வெனிலின் தயாரிக்கிறது. இவை கோடிக்கணக்கில் முதலீடு கேட்பவை. ஒரு விவசாயியின் குவியலுக்கு ஆகாது. ஆனால், எரிப்பதற்கு முன்பு எதெல்லாம் எடுக்கலாம் என்ற யோசனை குவியலுக்கும் பொருந்தும்.

மரத்தூளை நேரே வயலில் கொட்டக் கூடாது. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். கோழிக்கொட்டகையில் ஆழ்கூளமாகப் பரப்பினால் எச்சத்தோடு சேர்ந்து வரும். பிறகு மட்கவைத்துப் போடலாம். பிளைவுட் தூள், பெயின்ட் அடித்த படகுப் பலகை இரண்டையும் சேர்க்கவே கூடாது.

சிம்புக்குக் குழி முறை போதும். வாய் அகன்று அடி குறுகிய குழி, சுமார் முக்கால் மீட்டர் ஆழம். அடியில் காய்ந்த சிம்பைப் போட்டு மேலிருந்து தீ வைக்க வேண்டும். மேல்பரப்பில் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு. மேலே தீ நிற்பதால் புகை அங்கேயே எரிந்துவிடும். கீழே கரி மிஞ்சும். குழி நிறைந்ததும் அணைக்க வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அந்த உப்பு கரியோடு நிலத்துக்கு வரும். நல்ல தண்ணீர் இல்லையென்றால் ஈர மண்ணால் மூடி, முழுதும் ஆறிய பிறகே திறக்கலாம். தூர்க்கட்டை இதில் வேகாது. பிளந்து காயவைக்க வேண்டும்.

கரியை நொறுக்கி, தொழுவுரம், மாட்டுச் சிறுநீரோடு இரண்டு மூன்று வாரம் ஊறவைத்த பிறகே இடலாம். மண் பரிசோதனை முடிவு இடங்கொடுத்தால், 1 சென்டுக்கு 20 கிலோ வீதம் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, பக்கத்தில் போடாத பாத்தியோடு ஒரு போகம் ஒப்பிடலாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் மண் விவரத்தைக் காட்டிக் கேட்பதும் நல்லது.

கார மண் என்று முடிவு வந்தால், கரியை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் தொழுவுரம் வாங்குவது லாபம். வெட்டிய இடத்தில் ஆடு மேயவிடும்போது கவனம் வேண்டும்: சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து விதை மறுபடி முளைக்கும்.