பழைய தழும்பு மீண்டும் தடித்தால்

தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழும் சாத்தூர், சிவகாசிப் பகுதியில் தீக்காயத் தழும்பு புதிய காட்சியன்று. ஆறிப்போன தழும்பு பல ஆண்டுகள் கழித்துச் சிவந்து தடித்தாலும், "பழைய வடுதானே" என்று விட்டுவிடுகிறோம். மூக்கிலோ கன்னத்திலோ காதிலோ தடிப்புத் தோன்றினால், "பெருநோயாக இருக்குமோ" என்ற அச்சம் வீட்டைச் சூழ்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாயின், அதை மருத்துவரிடமிருந்தும் மறைத்துவிடுவோர் உண்டு. அலட்சியம், அச்சம் இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டுக்கும் மாற்று, சதைத்துணுக்குப் பரிசோதனை.

இத்தகைய தடிப்புகளுக்குக் காரணமாகக்கூடிய நோய்களுள் ஒன்று சார்காய்டோசிஸ். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அணுக்கள் காரணம் தெளிவாகாத நிலையில் ஓரிடத்தில் திரண்டு, கிரானுலோமா என்னும் நுண்ணிய முடிச்சுகளாகின்றன. தோலில் அவை செந்நிறமாகவோ பழுப்பாகவோ ஊதா நிறமாகவோ தடிக்கும். பழைய தழும்பிலும் பச்சை குத்திய இடத்திலும் தோன்றும். இது புற்றுநோயன்று, தொற்றுவதுமன்று. ஒரே தட்டில் உண்ணலாம், ஒரே பாயில் உறங்கலாம்.

கண்ணால் மட்டும் பார்த்து இதற்குப் பெயர் சூட்ட முடியாது என்பதைத்தான் மருத்துவ வரலாறும் காட்டுகிறது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே நாட்டின் தோல் மருத்துவர் சீசர் போக், 1899-இல் இத்தடிப்புகளின் திசுவை ஆராய்ந்து, 'சதைக்கட்டி போன்றது' என்னும் பொருளில் 'சார்காய்டு' என்று குறித்தார். தோற்றத்தில் மயங்கவைக்கும் நோய்களைப் பிரித்தறிய அன்றும் உருப்பெருக்கியே துணைநின்றது.

நம் நாட்டில் இது மேலும் இன்றியமையாதது. காசநோயும் தொழுநோயும் இதே போன்ற முடிச்சுகளை உண்டாக்குகின்றன. தழும்பில் ஏற்படும் தடிப்பு வெறும் கெலாய்டாகவும் இருக்கலாம். தழும்பில் ஆறாத புண் உண்டானால் அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினால் தடிப்பு சற்று அடங்கும். உள்ளிருக்கும் நோய் மறைந்து வளரும். காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வதோ பேராபத்து.

"முகத்தில் கத்தி வைப்பதா?" என்று குடும்பத்தார் தயங்குவது இயல்பே. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் அளவே சதை எடுக்கப்படுகிறது. ஓரிரு தையல்களில் முடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் சிறு வடுவைக் காட்டிலும், தவறான பெயரால் வீணாகும் ஆண்டுகள் பெரிய இழப்பு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆதலால் இதற்கெனத் தொலைதூரம் அலையவேண்டியதில்லை. முடிவு தொழுநோய் என்றே வந்தாலும் கலங்க வேண்டா. கூட்டு மருந்தால் அது முற்றிலும் குணமாகும். அரசு அதை இலவசமாகவே வழங்குகிறது.

சார்காய்டோசிஸ் என்று உறுதியானபின் தோலோடு நின்றுவிடலாகாது. நுரையீரல், கண், இதயம் ஆகியவற்றையும் இந்நோய் தாக்கலாம். மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., இரத்தத்தில் கால்சிய அளவு ஆகியவற்றோடு கண் பரிசோதனையும் தேவை. பார்வையில் குறையேதும் தோன்றாவிடினும் கண்ணைக் காட்டுங்கள். இந்நோயில் கால்சியம் மிகக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் வைட்டமின் டி, கால்சிய மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள்.

சிலருக்குத் தடிப்பு தானாகவே மறைகிறது. மற்றவர்களுக்குக் களிம்பு, தடிப்பினுள் ஊசி, ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு மாத்திரை எனப் படிப்படியாகச் சிகிச்சை அமையும். மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோரும் கருத்தரிக்க எண்ணுவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தலாகாது. மருந்துச் சீட்டைப் படித்துக் கிழமையை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்பது நன்று.

குடும்பத்தார் செய்யத்தக்க முதல் உதவியோ அதனினும் எளியது. தடிப்பைக் கண்டவுடன் அதற்கு ஒரு பெயர் சூட்டாதிருங்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். நோயாளியின் கையைப் பற்றி அழைத்து வாருங்கள். பெயரைப் பரிசோதனை சொல்லட்டும்.