கட்டிப் போட்ட வார்த்தை

ஆங்கிலத்தில் 'அனெக்ஸ்' என்று சாதுவாக ஒரு வார்த்தை இருக்கிறது. லத்தீனில் 'நெக்டெரே' என்றால் கட்டுவது, முடிச்சுப் போடுவது. முன்னால் 'அட்' சேர்த்தால், ஒன்றோடு சேர்த்துக் கட்டுவது. 'கனெக்‌ஷன்', 'நெக்ஸஸ்' எல்லாம் இதற்குப் பங்காளிகள்தான்.

லாட்ஜுக்குப் பின்னால் புதிதாக நாலு ரூம் எடுத்தால் அது அனெக்ஸ். (இதற்கு மட்டும் கடைசியில் ஒரு 'ஈ' போட்டு எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம்.) மனுவோடு டேக் போட்டுக் கட்டுகிற காகிதம் அனெக்‌ஷர். 1855-ல் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோக, டல்ஹௌசி காலத்துக் கம்பெனி ராஜ்யத்தையே சுருட்டிக்கொண்டதே, அதற்கும் இதே வார்த்தைதான்! கட்டப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது மட்டும் அதில் தெரியாது.

தமிழில் நாம் 'இணைப்பு' என்கிறோம். கரண்ட்டும் இணைப்பு, பத்திரிகையோடு இலவசமாகத் தருவதும் இணைப்பு.

ஸ்ரீரங்கத்துக்கு ஆனதும் அதுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தனி முனிசிபாலிடியாக, தனக்கென்று ஒரு சேர்மனோடு இருந்த ஊர். 1994 ஜூன் 1-ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது பொன்மலையோடு இதையும் அதில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து தண்ணீர் வரவில்லை என்றால் கேட்க சொந்தமாக ஒரு சேர்மன் கிடையாது. மேயர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

ஆனால் பாருங்கள், ஸ்ரீரங்கத்துக்காரர் இன்றைக்கும் பாலம் தாண்டுமுன் வீட்டில், "திருச்சிக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்கிறார். வீட்டு வரி ரசீதில் மட்டும் எப்போதும் திருச்சியிலேயே இருக்கிறார்.