வங்கிக்கு போன் போடக் கூச்சப்பட்டால் வீடு கையை விட்டுப் போகும்

ஒன்டாரியோவில் வீட்டுக் கடன் தவணை தவறினால், கடன் கொடுத்தவர் எத்தனை நாளில் வீட்டை விற்கலாம்? டொராண்டோவில் எங்கள் அலுவலக மதியச் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "கோர்ட்டு, கேஸுன்னு ஒரு வருஷமாவது இழுக்கும்" என்றார்கள். உண்மை வேறு. தவணை தவறி 15 நாள் ஆனதுமே விற்பனை நோட்டீஸ் அனுப்பலாம். வழக்கமான கடன் ஒப்பந்தங்களில், அதிலிருந்து 35 நாள் முடிந்ததும் விற்பனையைத் தொடங்கலாம். கூட்டினால் 50 நாள்!

நடைமுறையில் பெரிய வங்கிகள் இவ்வளவு அவசரப்படுவதில்லை. இரண்டு மூன்று தவணை தவறும் வரை கடிதம், போன் என்றுதான் போகும். ஆனால் தனியாரிடம் வாங்கிய இரண்டாவது கடன் இருந்தால் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: அமெரிக்காவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால், பொதுவாக 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்த பிறகே ஃபோர்குளோஷர் நடவடிக்கையைத் தொடங்க முடியும்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? 2020, 2021-ல் வீடு வாங்கியவர்களின் ஐந்து வருட ஒப்பந்தங்கள் வரிசையாக ரினியூவலுக்கு வருகின்றன. அப்போது கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 சதவீதம். 2023 ஜூலையில் அது 5 சதவீதம் வரை ஏறி, 2024 ஜூனில்தான் இறங்கத் தொடங்கியது. இறங்கினாலும் அந்தப் பழைய காலம் திரும்பவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 7 லட்சம் டாலர் கடன், 1.79 சதவீத வட்டி, 25 வருடத் தவணை. மாதம் சுமார் 2,895 டாலர் கட்டியிருப்பீர்கள். ஐந்து வருடம் கழித்து பாக்கி சுமார் 5,84,000. இதை 4.5 சதவீதத்தில் புதுப்பித்தால் மாதத் தவணை 3,680. அதாவது கிட்டத்தட்ட 785 டாலர் கூடுதல். இந்த நேரத்தில் வேலையும் போனால்? 2025-ல் வேலையிழப்பு உதவித்தொகை அதிகபட்சமே வாரம் 695 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்.

என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. வேலை போன விஷயத்தை வீட்டில்கூட இரண்டு மாதம் சொல்லவில்லை. கிரெடிட் கார்டில் எடுத்துத் தவணை கட்டினார். கார்டு நிரம்பியதும் தெரிந்த ஏஜென்ட் மூலம் வீட்டின் மேல் இரண்டாவது கடன். 12 சதவீத வட்டியில் 60,000 டாலர் என்றால், வட்டி மட்டும் மாதம் 600. ஆறு மாதத்தில் அதுவும் தீர்ந்தது. அதுவரை முதல் கடன் கொடுத்த வங்கிக்கு அவர் ஒரு போன்கூடப் போடவில்லை. "அவங்களுக்குத் தெரிஞ்சா வீட்டைப் புடுங்கிடுவாங்கன்னு நெனச்சேன்டா" என்றார்.

அவர் பயந்தது தப்பான ஆளைப் பார்த்து. வீட்டைப் பிடுங்கி விற்பது வங்கிக்கும் தலைவலிதான். தவணை ஒழுங்காக வருவதே அவர்களுக்கு லாபம். மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட கனடா மார்ட்கேஜ் சாசனம், நெருக்கடியில் இருப்பவர்களுக்கு வங்கிகள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது: கடன் காலத்தைத் தற்காலிகமாக நீட்டிப்பது, அதற்கான கட்டணங்களைத் தள்ளுபடி செய்வது, ரினியூவலுக்கு நாலு முதல் ஆறு மாதம் முன்பே தொடர்புகொண்டு வழிகளைச் சொல்வது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாது. கேட்காதவர்களுக்கு எதுவுமே கிடைக்காது.

காலத்தை நீட்டிப்பதால் என்ன பயன் என்று அதே கணக்கில் பாருங்கள். மீதக் கடனை 20 வருடத்துக்குப் பதில் 30 வருடமாகப் பரப்பினால் மாதத் தவணை 3,680-லிருந்து சுமார் 2,945-க்கு இறங்கும். கிட்டத்தட்ட பழைய தவணையே. ஆனால் இது இலவசம் இல்லை. வட்டி இதே அளவில் இருந்தால், மொத்தத்தில் சுமார் 1,76,000 டாலர் அதிகம் கட்டுவீர்கள். ஆகவே நெருக்கடி தீர்ந்ததும் காலத்தைத் திரும்பக் குறைக்க வேண்டும். சில மாதம் மூச்சு விட இது ஒரு வழி, அவ்வளவுதான்.

இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடலாம்.

முதலாவது, "நான் இன்சூரன்ஸ் கட்டியிருக்கேனே, அது பாத்துக்கும்" என்பது. 20 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் போட்டவர்கள் கட்டும் மார்ட்கேஜ் காப்பீடு, கடன் கொடுத்தவரைத்தான் காக்கும். வீடு விற்று வந்த பணம் போதாவிட்டால், அந்த மீதிக்காக உங்களைத் துரத்தவும் முடியும்.

இரண்டாவது, பவர் ஆஃப் சேல், ஃபோர்குளோஷர் இரண்டும் ஒன்று என்று நினைப்பது. ஃபோர்குளோஷரில் வீட்டின் உரிமையே கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா போன்ற மாகாணங்களில் நீதிமன்றம் வழியாகத்தான் நடவடிக்கை நடக்கும். ஒன்டாரியோவில் அதிகம் நடப்பது பவர் ஆஃப் சேல். வீடு உங்கள் பெயரில் இருக்கும்போதே கடன் கொடுத்தவர் அதை விற்பார். கடன், வட்டி, வக்கீல் செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது உங்களுக்கு. குறைந்தால் அந்தக் கடனும் உங்களுக்கே. நீங்கள் குடியிருந்தால் காலி செய்ய வைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். சில மாதம் இழுக்கலாம். ஆனால் அந்த மாதங்களின் வட்டியும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தவணை தவறும் முன்பே வங்கிக்குப் பேசுங்கள். சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், மாதச் செலவுப் பட்டியல் கையில் இருக்கட்டும். பேசி முடிவானதை மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

கார்டு, லைன் ஆஃப் கிரெடிட் கடன்கள்தான் கழுத்தை நெரிக்கிறது என்றால், உரிமம் பெற்ற திவால் அறங்காவலரைப் பாருங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'கன்ஸ்யூமர் ப்ரொப்போசல்' மூலம் அடமானம் இல்லாத கடன்களைக் குறைத்து, ஐந்து வருடம் வரை பிரித்துக் கட்ட ஏற்பாடு செய்யலாம். வீட்டுக் கடனை அது தொடாது. ஆனால் வீட்டுக் கடன் கட்டக் கையில் காசு மிஞ்சும்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? அந்த 35 நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் கடன் பழையபடி தொடரும். அன்றைக்கே ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எதுவும் நடக்காது என்று தெரிந்தால் நீங்களே விற்றுவிடுங்கள். யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும். என் நண்பர் கடைசியில் அதைத்தான் செய்தார். வீடு போனது. கடனெல்லாம் அடைத்து, வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் அளவு மிஞ்சியது. முதல் மாதமே வங்கியிடம் பேசியிருந்தால் ஒருவேளை வீடே மிஞ்சியிருக்கும்.

வீட்டு வாசலுக்கே வந்து "உங்க வீட்டைக் காப்பாத்தித் தரேன், இதுல கையெழுத்துப் போடுங்க" என்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை, அவர் தமிழரே ஆனாலும். ஒன்டாரியோவில் மார்ட்கேஜ் புரோக்கருக்கு உரிமம் வேண்டும். நிதிச் சேவை ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிரகப்பிரவேசத்துக்கு நூறு பேரைக் கூப்பிடுகிறோம். தவணை கட்ட முடியவில்லை என்பதை ஒருவரிடமும் சொல்வதில்லை. மானம் போய்விடுமாம். அந்த மௌனத்துக்கு மாதா மாதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வட்டத்தில் யாருக்காவது வேலை போயிருந்தால், "வேற வேலை கெடச்சுதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "பேங்க்ல பேசிட்டியா?" என்றும் கேட்டு வையுங்கள்.